மலையில் நெட் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் மேலே ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம் என்று எல்லாம் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் வேலையோடு வருகிறார்கள், மீதிப் பேர் கேள்வியோடு வருகிறார்கள். டிவியில் எதையோ பார்த்திருப்பார்கள், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருப்பார்கள். "அண்ணா, இது நிஜமா?" என்று போனை நீட்டுவார்கள். ஒரே பதிலை ஒரே நாளில் ஆறு தடவை சொல்லி அலுத்துப்போய்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

டவர் கண்ணுக்கு எதிரே தெரியுது. அப்புறமும் ஏன் ஒரு கோடுதான் காட்டுது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

போன் அலை ஏறக்குறைய வெளிச்சம் மாதிரி, நேராகத்தான் ஓடும். நடுவில் மேடு வந்தால் அதற்குப் பின்னால் நிழல். சமவெளியில் ஒரு டவர் வைத்தால் நாலைந்து ஊருக்கு எட்டும். இங்கே ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், நின்று கூப்பிட்டால் அடுத்த ஹட்டியில் கேட்கும், ஆனால் நடுவில் ஒரு பள்ளம், ஒரு கற்பூர மரத் தோப்பு, ஒரு சோலை. அந்தப் பள்ளத்தில் வீடு கட்டியவருக்கு இரண்டு பக்கத்து டவரும் கிடைக்காது. 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா உச்சியில் நின்றால் நாலா பக்கமும் டவர் தெரியும். அங்கே யார் குடியிருக்கிறார்கள்?

இன்னொன்று அலைவரிசை. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலை தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு ஊடுருவும். 5ஜி பெரும்பாலும் 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுகிறது. வேகம் பிரமாதம், எட்டும் தூரம் குறைவு. அதனால் 5ஜி போன் வாங்கினால் சிக்னல் வந்துவிடும் என்று இருபதாயிரம் செலவழிக்காதீர்கள். போனிலேயே அமைப்புகளுக்குள் போய் நெட்வொர்க்கை 4ஜியில் நிறுத்திப் பாருங்கள். 5ஜிக்கும் 4ஜிக்கும் நடுவே தாவித் தாவி பேட்டரியைத் தின்பதாவது நிற்கும்.

நாலு கோடும் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை என்றால் கதை வேறு. டவர் நன்றாகத்தான் நிற்கிறது, அதற்கு வருகிற கேபிள் அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு வரும் கண்ணாடி இழைக் கேபிள் நிறைய இடத்தில் ரோட்டோரமாகத்தான் ஏறுகிறது. ரோட்டை அகலப்படுத்த ஜேசிபி வந்தால் அறும், மண் சரிந்தால் அறும். 2009 நவம்பர் மண்சரிவில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை. இந்த மாதிரி நாளில்தான் போன் தேவைப்படும், அந்த நாளில்தான் அது போகும். கரண்ட் போனால் டவர் பேட்டரியில் ஓடும், பேட்டரி தீர்ந்தால் அதுவும் இல்லை. அதனால் ஒரு பழைய ரேடியோவைத் தூக்கிப் போடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஊட்டி வானொலி இருக்கிறது, கொடைக்கானல் பண்பலை 100.5 இருக்கிறது. சிரிக்கிறார்கள். ஜூலையில் யார் சிரிக்கிறார்கள் பார்ப்போம்.

வீட்டுக்கு கேபிள் நெட் எடுத்தவர்கள் போனில் 'வைஃபை காலிங்' என்பதைப் போட்டுவிடுங்கள். சிக்னலே இல்லாத வீட்டுக்குள்ளும் சாதாரண அழைப்பு வரும். தனிக் காசு இல்லை. இது தெரியாமல் மழையில் மொட்டை மாடியில் நின்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பி.எஸ்.என்.எல். 4ஜி வந்துட்டதா நியூஸில் சொன்னாங்களே?

வந்தது நிஜம். 2025 செப்டம்பர் 27-ல் பிரதமர் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் தொடங்கிவைத்தார், நாடு முழுக்க ஏறத்தாழ 97,500 டவர். டவரில் உள்ள கருவிகளும் மென்பொருளும் இங்கேயே செய்தவை என்பதுதான் அந்தச் செய்தியின் சாரம். டி.சி.எஸ்., தேஜஸ், மத்திய அரசின் சி-டாட் மூவரும் சேர்ந்து செய்தது. 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்காக 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று 2022-லேயே ஒப்புதல் ஆனது. லாபம் வராத இடத்தில் அரசு கம்பெனிதான் டவர் வைக்கும், அதனால் எனக்கு இந்தச் செய்தி பிடித்தது.

ஆனால் உங்கள் பழைய சிம் 4ஜி சிம்தானா என்று முதலில் பாருங்கள். 3ஜி சிம்மைப் போட்டுக்கொண்டு 4ஜி வரவில்லை என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் மூன்று பேர்.

நம்ம எம்.பி. தொலைத்தொடர்பு அமைச்சராவே இருந்தாரு. நமக்கு மட்டும் டவர் இல்லையே?

டீக்கடை பெஞ்சில் பிறந்த கேள்வி. ஆ.ராசா 2007 முதல் 2010 வரை அந்தத் துறைக்கு அமைச்சர், 2009-ல் நீலகிரி எம்.பி. ஆனார். அவர் காலத்து 122 2ஜி உரிமங்களை 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2017 டிசம்பரில் 2ஜி வழக்கில் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, மேல்முறையீடு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. இதில் எதற்கும் உங்கள் பள்ளத்து வீட்டு சிக்னலுக்கும் சம்பந்தம் இல்லை. டவர் எங்கே வைப்பது என்று கம்பெனி கணக்குப் போடுகிறது, எத்தனை சிம், மாதம் எவ்வளவு ரீசார்ஜ் என்று. காடும் காப்பகமும் இருக்கும் பக்கம் என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும். முதுமலைப் பக்கம் போனால் புரியும்.

எலான் மஸ்க்கோட சாட்டிலைட் நெட் வந்தா இந்தத் தொல்லையெல்லாம் தீருமா?

மஸ்க்கின் ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது. டிவிக்கு வைக்கிற டிஷ் பார்ப்பது 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள சாட்டிலைட்டை. இவர்களுடையது சுமார் 550 கி.மீ.யில் சுற்றுகிறது, அதனால் வீடியோவில் பேசும்போது இழுவை குறையும். மலைக்குப் பொருத்தமான சாமான்தான். திறந்த வானம் வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்கு மேலே சில்வர் ஓக் கவிந்திருந்தால் வேலைக்கு ஆகாது.

என் அபிப்பிராயம் கேட்டால், அது முதலில் பங்களாவுக்கும் ரிசார்ட்டுக்கும் வரும். தோட்டத் தொழிலாளியின் லைன் வீட்டுக்கு வர நாளாகும்.

ஒரு வெப்சைட் திறக்கலை. தடை பண்ணிட்டாங்களா, சிக்னல் இல்லையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. காரணம், பதில் சொல்ல உண்மையிலேயே கஷ்டம். சுற்றுகிற வட்டம் ஒன்றுதான். அதைச் சுற்ற வைப்பது மலையா, கேபிளை அறுத்த ஜேசிபியா, டெல்லியா, நீதிமன்றமா, நேற்றோடு முடிந்த உங்கள் ரீசார்ஜா என்று போன் சொல்லாது.

நான் செய்கிற சோதனை சுலபம். வேறு நாலு தளம் திறக்கிறதா? திறந்தால் சிக்னல் குற்றமில்லை. பக்கத்தில் இருப்பவரின் வேறு கம்பெனி சிம்மில் அதே தளம் திறக்கிறதா? அவருக்குத் திறந்து உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் தடையாக இருக்கலாம். தடை உத்தரவு ஒன்றுதான், அதை நிறைவேற்றுவது ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக. ஒருவர் பெயரைத் தேடும் இடத்திலேயே பொய் முகவரி கொடுத்து மறிப்பார், இன்னொருவர் இணைப்பு போகிற வழியில் தளத்தின் பெயரைப் பார்த்து வெட்டுவார். சிலரிடம் "தொலைத்தொடர்புத் துறை உத்தரவுப்படி முடக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். பலரிடம் அதுவும் வராது, வட்டம் சுற்றும்.

தடைக்குச் சட்டம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது அமைதி என்று காரணங்களை அது வரிசைப்படுத்துகிறது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆனால் 2009-ல் போட்ட விதிகளில் 16-வது விதி, புகாரும் நடவடிக்கையும் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. என் சண்டை அந்த விதியோடுதான். ரேஷன் கடை மூடியிருந்தால் கதவில் ஒரு சீட்டாவது ஒட்டுகிறார்கள் இல்லையா?

அண்மைய உதாரணம் விகடன். 2025 பிப்ரவரியில் பிரதமரையும் டிரம்ப்பையும் வைத்து அவர்களின் இணைய இதழில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. சில நாளில் மொத்தத் தளமும் பலருக்குத் திறக்கவில்லை. கடையில் எனக்கு வந்த முதல் கேள்வி, "அண்ணா, உங்க நெட்டு போச்சா?" மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அந்த ஒரு படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்றது. தடை போட்டது செய்தி ஒலிபரப்பு அமைச்சகம். அதன் இணை அமைச்சர் எல்.முருகன் 2024-ல் நம் தொகுதியில் நின்றவர் என்பதால் டீக்கடை பெஞ்சில் இரண்டு நாள் இதே பேச்சு. படம் சரியா தப்பா என்பதில் பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கத்துக்காக மொத்தப் பத்திரிகையையும் மூடலாமா என்று கேட்டபோது மட்டும் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள்.

இது புதிதும் இல்லை. 2012-ல் திருட்டு வீடியோவைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நிறுவனம் உத்தரவு வாங்கியது. நெட் கம்பெனிகள் சில விமியோ, டெய்லிமோஷன் என்று தளம் தளமாகவே மூடிவிட்டன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் மறிக்க வேண்டும் என்று ஜூனில் நீதிமன்றமே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 2017-ல் வேறொரு பட வழக்கில் உலகத்துப் பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் மாட்டிக்கொண்டது. எலிக்கு வைத்த பொறியில் வீட்டுப் பூனை.

டிக்டாக் திரும்ப வருமா?

மாதம் ஒருவர் கேட்கிறார். முதலில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைத் தரவிறக்கம் செய்யத் தடை போட்டது, அதே மாதம் நீக்கியது. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு இதையும் சேர்த்து 59 சீன செயலிகளை மூடியது. அங்கே ஆடியவர்கள் ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் குடிபோய்விட்டார்கள். நம் படுகா பாட்டு வீடியோக்கள் யூடியூபில் நன்றாகவே ஓடுகின்றன. திரும்ப வந்தாலும் யாருக்கு என்ன?

நம்ம மாவட்டத்தில் நெட்டை மொத்தமா நிறுத்த முடியுமா?

முடியும். தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்த உள்துறை உத்தரவு போட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தியது முழு 4ஜியாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆனது.

காஷ்மீர் வழக்கில்தான் 2020 ஜனவரி 10-ல் உச்ச நீதிமன்றம் அனுராதா பாசின் தீர்ப்பைச் சொன்னது. கால வரம்பில்லாமல் நிறுத்தக்கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும், இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்பில் வரும் என்றது. அதன்பின் ஒரு உத்தரவுக்கு 15 நாள் உச்சவரம்பு வந்தது. உத்தரவு போட வேண்டியவர் உள்துறைச் செயலாளர். கலெக்டர் தன் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது.

தொழில் என்ற சொல்லைக் கவனியுங்கள். குன்னூரில் தேயிலை ஏலம் கணினிக்குப் போய் இருபது வருஷம் தாண்டிவிட்டது. ஏல நாளில் நெட் நின்றால் பச்சைக் கொழுந்து விலை வரைக்கும் ஆடும். எனக்கு நினைவு தெரிந்து இங்கே உத்தரவு போட்டு நிறுத்தியதில்லை. மழையும் மண்ணும் உத்தரவில்லாமலே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. அதற்கு மட்டும் 15 நாள் வரம்பு கிடையாது.

வி.பி.என். போட்டா போலீஸ் பிடிக்குமா?

வி.பி.என். என்பது உங்கள் இணைப்பை மறைத்து வேறொரு சர்வர் வழியாகக் கொண்டுபோகும் வசதி. அதை வைத்திருப்பது நாட்டில் பொதுவாகக் குற்றமில்லை. ஐ.டி. கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிற பிள்ளைகள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குள் இருந்துகொண்டு செய்வது குற்றமானால் குற்றம்தான். 2022 ஏப்ரலில் வி.பி.என். நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. பெரிய நிறுவனங்கள் சில இந்தியாவில் வைத்திருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. இலவச வி.பி.என். மட்டும் வேண்டாம். சும்மா கொடுக்கிறவன் உங்கள் விவரத்தை விற்றுத்தான் வாடகை கட்டுவான்.

ரம்மி செயலியில் என் பணம் இருக்கு, எடுத்துத் தர முடியுமா?

என்னால் முடியாது தம்பி. 2022-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் இரவு 12 முதல் காலை 5 மணி வரை நுழையக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் விதி வந்தது, ஜூனில் உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டையே தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகள் உடனே கடையைச் சாத்தின. மீதிப் பணத்தை எடுக்க அந்தச் செயலியிலேயே வழி கொடுத்திருந்தார்கள், அங்கே பாருங்கள். புதிதாக ஒரு லிங்க் வந்து "உங்கள் ரம்மி பணம் திரும்பக் கிடைக்கும்" என்றால் அது திருட்டு.

பொதுவாகத் தடை என்றால் முகம் சுளிக்கிறவன் நான். இந்தத் தடையில் எனக்கு வருத்தமில்லை. மாதக் கடைசியில் நகையை வைத்துவிட்டு ரீசார்ஜுக்கு வந்த முகங்களை இந்தக் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் பசங்களுக்கு இன்ஸ்டாகிராமே இல்லையாமே. இங்கேயும் வருமா?

அங்கே 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே கணக்கு வைத்திருக்க முடியாது. அபராதம் கம்பெனிக்குத்தான், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. இதைச் சொன்னால் எல்லா அம்மாக்களும் ஒரு நிமிஷம் யோசிக்கிறார்கள்.

இங்கே 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முழுசாக அமலாக 18 மாதம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது மகன் கணக்குத் திறக்க அப்பா சம்மதிக்க வேண்டும். நம் பக்கம் பாதி வீட்டில் அப்பாவுக்குக் கணக்குத் திறந்து கொடுத்ததே மகன்தான்.

கேரளத்தில் ஒரு கல்லூரி விடுதியில் படிக்கும் நேரத்தில் போனைப் பிடுங்கி வைத்தார்கள், எதிர்த்த மாணவியை வெளியேற்றினார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்றும் சொன்னது. கடைக்கு வரும் கல்லூரிப் பெண்களுக்கு இதைச் சொன்னால் அவர்கள் முகம் மலர்கிறது, கூட வந்த அப்பா முகம் சுருங்குகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வேண்டாம் என்பதில் நானும் அந்த அப்பா கட்சிதான்.

சிறுத்தை வீடியோவை குரூப்பில் போட்டா கேஸ் வருமா?

எங்கே எடுத்தது என்று உங்களுக்குத் தெரியுமா? அதுதான் முதல் கேள்வி. போன குளிரில் கோத்தகிரி என்று சுற்றிய ஒரு வீடியோவில் ஓரமாகத் தென்னை மரம் தெரிந்தது. கோத்தகிரியில் தென்னையா? அதற்குள் அது நாலு ஊர் குரூப்பில் போய், டியூஷன் விட்ட பிள்ளைகளைக் கூட்டிவர ஆட்கள் டார்ச்சோடு கிளம்பிவிட்டார்கள்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. 2018 மே மாதம் போளூர் பக்கம், கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்த வருஷம் இப்படி நாட்டில் பல இடத்தில் நடந்த பிறகுதான் ஜூலையில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. பல கை மாறியதை 2020 ஏப்ரலிலிருந்து ஒருவருக்குத்தான் அனுப்பலாம். இரட்டை அம்புக்குறி போட்டு வந்தால் கை மாறிக் கை மாறி வந்தது என்று அர்த்தம்.

கேஸ் விஷயம்: எரிச்சலூட்டினாலே குற்றம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்துவிட்டது. அதற்காக எதையும் அனுப்பலாம் என்றில்லை. பீதி கிளப்பினால் வேறு பிரிவுகள் இருக்கின்றன.

எல்லா போன்லயும் கவர்மென்ட் ஆப் வரப்போகுதாமே, உளவு பார்க்கவா?

சஞ்சார் சாத்தி என்ற செயலி. புதுப் போன் எல்லாவற்றிலும் போட்டே விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் 28-ல் தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்குச் சொன்னது. பெரிய சத்தம் எழுந்தது. டிசம்பர் 3-ல் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இப்போது வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். கட்டாயப்படுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை, சேவை நல்ல சேவை. தொலைந்த போனை முடக்கலாம், உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். ஒருவர் பெயரில் ஒன்பது வரைதான் அனுமதி. கடையில் ஒரு அக்காவுக்குப் பார்த்தபோது அவர் பெயரில் ஆறு இருந்தது, அவர் கையில் இருந்தது ஒன்று.

அதே நவம்பர் 28-ல் வந்த இன்னொரு ஆணை எனக்குத்தான் இடி. சிம் போனுக்குள் இருந்தால்தான் வாட்ஸ்அப் ஓட வேண்டும், கணினியில் திறந்தது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக வெளியேற வேண்டும் என்கிறது அது. ஜெராக்ஸ் கடைக்குப் பாதி வேலை வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பயமுறுத்திப் பணம் பிடுங்கும் கும்பலைத் தடுக்கத்தான் இது என்கிறார்கள். அந்தக் கும்பல் உங்களைக் கூப்பிட்டால் பதில் பேசாமல் வைத்துவிட்டு 1930-க்கு அடியுங்கள். போனில் யாரையும் கைது செய்ய முடியாது.

இ-பாஸ் எடுக்கணும், ஆனா செக்போஸ்ட்ல நெட் வரலை. என்ன பண்றது?

கீழேயே எடுத்துவிட்டு ஏறுங்கள், மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள். க்யூஆர் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் தொடங்கியது இது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. டிஎன் 43 வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் வேண்டாம். கோயம்புத்தூர் நம்பர் வண்டி வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள்தான் பாவம். சொந்த வீட்டுக்கு வர விருந்தாளி மாதிரி பாஸ் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்க அம்மாவுக்குக் கைரேகை விழ மாட்டேங்குது. ரேஷன் கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். கிடைக்காமல் திருப்பி அனுப்பினால் விடாதீர்கள்.

முப்பது நாற்பது வருஷம் கொழுந்து பறித்த விரலில் ரேகை என்ன இருக்கும்? கறையேறி வெடித்திருக்கும், தேய்ந்து வழவழவென்று இருக்கும். குளிர் நாளில் இன்னும் மோசம். மெஷினைக் குறை சொல்லி என்ன, அது ரேகையைத்தான் தேடுகிறது. கையைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, லேசாக எண்ணெய் தொட்டு வையுங்கள், பத்தில் ஆறு தடவை விழும். கண் கருவிழி பார்க்கும் கருவி உள்ள கடையானால் அதைக் கேளுங்கள். ஆதாரில் கைரேகையைப் புதுப்பித்தாலும் சில பேருக்குச் சரியாகிறது.

ஒரு நாள் ஒரு பாட்டி கீழ்ப்பள்ளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு கடைக்குப் போனார். சர்வர் இல்லை என்றார்கள். மறுநாள் போனார், சர்வர் இருந்தது, ரேகை விழவில்லை. ஓ.டி.பி. சொல்லுங்கள் என்றார்கள். ஓ.டி.பி. போவது திருப்பூரில் வேலை செய்யும் பேரன் போனுக்கு, அவன் ஷிப்டில் இருந்தான். மூன்றாவது நாள் என்னிடம் வந்து, "தம்பி, என்னைத் தடை பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செயலித் தடை, தளத் தடை என்று இவ்வளவு நேரம் எழுதினேனே, இந்தப் பாட்டி மேல் யாரும் எந்த உத்தரவும் போடவில்லை. போட்டிருந்தால் அதற்கு ஒரு எண் இருக்கும், தேதி இருக்கும், அனுராதா பாசின் தீர்ப்பைக் காட்டி ஒரு வக்கீல் சண்டை போடுவார். அரிசி, உரிமைத் தொகை, பென்ஷன், 100 நாள் வேலை வருகைப் பதிவு எல்லாவற்றையும் போனுக்குள் வைத்துவிட்டு, போனுக்கு வரும் வழியைப் பள்ளத்தில் விட்டுவிட்டார்கள்.

செய்யக்கூடியது: கார்டில் உள்ள போன் எண்ணை வீட்டோடு இருப்பவர் எண்ணாக மாற்றுங்கள், மாற்றிக் கொடுக்கிறேன். நடக்க முடியாதவர் வேறு ஒருவரை அனுப்பி வாங்க ஒரு படிவம் உண்டு. அதை வட்ட வழங்கல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். படிவம் கடையில் இருக்கிறது, அதற்குக் காசு வாங்குவதில்லை.

பாட்டி நெட்டே பார்க்கிறதில்லை. அவங்க போனுக்கும் மாசம் இருநூறு ரூபா போடணுமா?

வேண்டாம். 2024 டிசம்பரில் போன் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய், பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள, நெட் சேர்க்காத திட்டம் ஒவ்வொரு கம்பெனியும் வைத்தே ஆக வேண்டும் என்றது. 365 நாள் வரைக்கும் காலம் கொடுக்கலாம். கம்பெனிகளும் வைத்தன, செயலியில் கண்ணில் படாத மூலையில். நீங்களாகக் கேட்டால்தான் வரும். ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்.ஸாகத்தான் வருகிறது, அதற்கு நெட் தேவையில்லை.

28 நாள் கணக்கில் போட்டால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ் என்பது தெரியும்தானே? 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்கள். அதையும் கேட்டால்தான் காட்டுவார்கள். பாட்டி போனை எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்த்துப் போட்டுத் தருகிறேன். செவ்வாய் மத்தியானம் மட்டும் கடை இல்லை.